எட்டிப்பார்க்க மூன்று அனுமதிகள்

திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு, முதல் நாளே வீட்டுக்குப் போய்விட்ட ஒருவருக்கு அந்த மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. முடிவு நன்றாகவே இருந்தது. கட்டில்தான் காலி. விரிப்பை மாற்றித் தலையணையைத் தட்டி வைத்திருந்தார்கள். அதே வார்டில் ஒன்பதாம் கட்டிலில் படுத்திருந்த தையல்காரம்மாவுக்குக் காலையில் இரண்டு முறை குத்தி ரத்தம் எடுத்திருந்தும் திரையில் ஒன்றும் வரவில்லை.

வார்டின் தலைமை நர்ஸ் கீழ்த்தளத்துக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, உங்க மெஷின் ஆள் மாத்திச் சொல்லுது. கொஞ்சம் பாருங்களேன்."

போனை எடுத்தவள் அவளுக்கு நிஜமாகவே அண்ணி, அண்ணன் மனைவி. ஆய்வகத்து மென்பொருளை எழுதியவளும் பராமரிப்பவளும் அவள்தான். நாத்தனார் வாய் ஓயாமல் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதில், தரை துடைப்பவர் முதல் பெரிய டாக்டர் வரை மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அடையாள அட்டையில் மட்டும் வேறு பெயர் இருந்தது.

அவள் பராமரித்த இயந்திரத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. அடித்தளத்துக் குளிர் அறையில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. அதற்குள் நாற்பத்திரண்டு கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன. எதற்கும் தனி உடம்பு கிடையாது. ஒவ்வொன்றும் தான் ஒரு முழுக் கணினி என்று நம்பிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தது. அதில் ஒன்றுதான் ஆய்வக முடிவுகளை வார்டுகளுக்கு அனுப்பியது. 'நாளை வரவும்', 'வெறும் வயிற்றில் வரவும்' என்று மருத்துவமனையிலிருந்து போகும் குறுஞ்செய்திகளையும் அதுவே அனுப்பியது.

என்ன கோளாறு என்று அண்ணிக்கு ஓர் ஊகம் இருந்தது. இரண்டு முடிவுகள் ஒரே நொடியில் வந்தால் இரண்டுக்கும் ஒரே வரிசை எண் விழுகிறது. பெயர்கள் இடம் மாறிவிடுகின்றன. ஆனால் இதை உறுதி செய்ய இயந்திரம் ஓடும்போதே உள்ளே எட்டிப்பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டால் அரை நாள் ஒழுங்காக இருந்துவிட்டு மறுநாள் வேறெங்காவது கிளம்பும். முன்பெல்லாம் எட்டிப்பார்ப்பது இரண்டு நிமிட வேலை. மூன்று மாதத்துக்கு முன்னால்தான் அனுமதிப் பிரிவு வந்தது.

எங்கேயோ ஒரு மருத்துவமனையில் யாரோ ஒருவர் ஓடும் இயந்திரத்துக்குள் புகுந்துவிட்டதாக நிர்வாகத்தில் ஒருவர் கேள்விப்பட்டார். எந்த மருத்துவமனை என்று கேட்டவர்களிடம் அது ரகசியம் என்றார்கள். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். அடுத்த வாரமே நான்காம் மாடியில், கைகால் பயிற்சி அறையைக் காலி செய்து, பதினொரு பேருடன் பிரிவு தொடங்கியது. நோயாளிகள் பிடித்து நடக்கும் கம்பிகள் இன்னும் சுவரோரம் இருந்தன. பிரிவினர் அதில் குடைகளை மாட்டியிருந்தார்கள்.

அண்ணி மாடி ஏறிப் போனாள். கவுன்ட்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"எந்த மெஷின் மேடம்?"

"லேப் மெஷின். ரிப்போர்ட் அனுப்புமே, அது."

"அப்படி ஒரு மெஷின் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான்மா அதுல ஓடுற புரோகிராமையே எழுதினேன்."

அந்தப் பெண் பேனாவை எடுத்து, 'விண்ணப்பதாரர் தாமாகவே ஒப்புக்கொண்டார்' என்று எழுதினாள். பிறகு விளக்கினாள். மூன்று அனுமதிகள் இருக்கின்றன. இயந்திரம் இருப்பதை அறிய ஒன்று, உள்ளே பார்க்க ஒன்று, தொட ஒன்று. முதல் அனுமதி இல்லாமல் இரண்டாவதற்கு விண்ணப்பிக்க முடியாது. முதல் அனுமதிக்கு விண்ணப்பிக்க இயந்திரத்தின் எண்ணை எழுத வேண்டும். எண்ணைத் தெரிந்துகொள்ள முதல் அனுமதி வேண்டும்.

"அப்ப இதுவரைக்கும் யாருக்காவது அனுமதி கிடைச்சிருக்கா?"

"இதையெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள் அந்தப் பெண். முகத்தில் இருந்த மரியாதை கொஞ்சம் இறங்கிவிட்டது.

அண்ணி அன்றைக்கு நான்கு முறை மாடி ஏறினாள். ஐந்தாவது முறை பிரிவின் தலைவரே அவளை உள்ளே கூப்பிட்டார். எல்லோரும் அவரைப் பூட்டு சார் என்றார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அது அவருக்குத் தெரியவந்தபோது அவர் கோபப்படவில்லை, மேசையில் ஒரு சின்னப் பித்தளைப் பூட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

"உக்காருங்க. ஓடிக்கிட்டிருக்கிற ஒரு மெஷினை நிறுத்தாம உள்ள பார்க்கணும்னு ஒருத்தருக்கு ஏன் தோணுது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அதுல தப்பு இருக்கு சார். ஒருத்தர் ரிப்போர்ட் இன்னொருத்தருக்குப் போகுது."

"தப்பு எங்க இருக்கு?"

"மெஷினுக்குள்ள."

"உள்ளதான இருக்கு?" பூட்டு சாரின் முகம் மலர்ந்தது. "அப்ப பத்திரமா இருக்கு. அதை யாரும் தொட முடியாது. நாங்க வந்து மூணு மாசமாச்சு. இந்த மூணு மாசத்துல ஒருத்தர்கூட ஒரு மெஷினுக்குள்ளயும் பார்க்கலை. நானே பார்த்ததில்லைன்னா பார்த்துக்கங்க. எனக்கு அதுல என்ன இருக்குன்னுகூடத் தெரியாது. தெரிஞ்சா என்னையே நான் சந்தேகப்பட வேண்டியிருக்கும்."

"ஒன்பதாம் கட்டில்ல ஒரு அம்மா இருக்காங்க சார். சிறுநீரகம் கெட்டுப்போனவங்க. அவங்க பொட்டாசியம் எவ்வளவுன்னு தெரியாம டாக்டர் மருந்து குடுக்க முடியாது."

"அந்த அம்மா உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லை."

"சொந்தமும் இல்லை. அப்புறம் ஏன் இவ்வளவு அக்கறை?" என்று கேட்டுவிட்டு, பூட்டு சார் பக்கத்தில் இருந்தவரை அர்த்தத்தோடு பார்த்தார். அவர் எழுதிக்கொண்டார்.

மேலே நடப்பது தெரியாமல் வார்டில் நாத்தனார் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். போனில் முடிவு சொல்லக் கூடாது என்று அனுமதிப் பிரிவு ஏற்கெனவே தடை போட்டிருந்தது. அதனால் அவளே மணிக்கொரு தரம் ஆய்வகத்துக்கு இறங்கிப் போய், முடிவுகளைக் கண்ணால் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். தையல்காரம்மாவுக்குப் பொட்டாசியம் ஏறியிருந்தது. டாக்டர் நோட்டைப் பார்த்து மருந்து எழுதினார். தையல்காரம்மா கொஞ்சம் தெம்பாகி, நாத்தனாரின் சீருடையில் தோள் தையல் விட்டிருப்பதைக் கண்டுபிடித்து, "ஊசி நூல் குடு கண்ணு, ரத்தம் எடுக்கிற ஊசி வேண்டாம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அண்ணிக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் கிடைத்தது, பதினைந்து நிமிடத்துக்கு. முதல் அனுமதி எப்படிக் கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க இரண்டு நாளில் பழகியிருந்தாள்.

அறையில் ஒரு மேசை, ஒரு திரை. திரைக்கு முன்னால் சாட்சி என்று பதவிப் பெயர் கொண்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். இதற்கு முன் வாகன நிறுத்தத்தில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தவர். அண்ணியைத் திரையின் முதுகுப்பக்கம் உட்கார வைத்தார்கள்.

"நான் எப்படிப் பார்க்கறது?"

"நீங்க பார்க்கலாம்னு அனுமதி இருக்கு. திரையைப் பார்க்கலாம்னு இல்லையே," என்றார் சாட்சி. சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது. "நான் பார்ப்பேன். நீங்க கேளுங்க. பார்த்ததைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆமா, இல்லைன்னு தலையாட்டலாம்."

"இடது பக்கம் ஒரு வரிசை இருக்கா?"

தலை மேலும் கீழும் ஆடியது.

"அதுல ஒரே எண் ரெண்டு இடத்துல இருக்கா?"

சாட்சி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். அவள் ஊகம் சரி. அந்த வரிசையில் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

"சார், கீழ ஒரு வரி இருக்கும் பாருங்க. அதுல ஒரு எழுத்தை..."

"ஐயோ, தொடறது வேற அனுமதிம்மா," என்று சாட்சி கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். நேரம் முடிந்தது.

அன்று மாலை வீட்டில் கணவன் காய் நறுக்கிக்கொண்டே அவளைப் பார்க்காமல் பேசினான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பக்கத்தில் இருப்பவரை நேராகப் பார்க்காமல் பேசுவது தொழிலிலேயே வந்த பழக்கம்தான். ஆனால் அன்றைக்கு அது வேறு மாதிரி இருந்தது.

"உங்க நாலாவது மாடியில இருந்து ஒருத்தர் போன் பண்ணினார். நீ வீட்ல மெஷினைப் பத்திப் பேசுவியான்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வாஷிங் மெஷினைப் பத்தித்தான் பேசுவான்னு சொன்னேன். அதையும் எழுதிக்கிட்டார் போல." கத்தி நின்றது. "உண்மையைச் சொல்லு. எதையாவது பண்ணிட்டியா?"

"என்ன பண்ணுவேன்?"

"தெரியலை. ஒண்ணும் இல்லாமலா இவ்வளவு கேப்பாங்க?"

அண்ணிக்கு அழுகை வரவில்லை. படுத்த பிறகு, மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த மென்பொருளை எழுதிய நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஒருவேளை எதையாவது செய்துவிட்டோமோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது.

புதன்கிழமை விசாரணை. மூன்று பேர் கொண்ட குழு. நடுவில் பூட்டு சார்.

"ரெண்டு நாள்ல பதினேழு தடவை அனுமதி கேட்டிருக்கீங்க," என்றார் குழுவில் ஒருவர். "திருடன்கூட ரெண்டு கதவு தட்டிப் பார்த்துட்டுப் போயிடுவான். பதினேழு தடவை முயற்சி பண்ணினா அதுக்குப் பேரு தாக்குதல்."

"நான் கேட்டேன் சார். கேக்கறது முயற்சியா?"

"கேக்காமலே உள்ள போறவங்களை எங்களால கண்டுபிடிக்க முடியாது," என்றார் பூட்டு சார் பொறுமையாக. "கேக்கறவங்களைத்தான் கண்டுபிடிக்க முடியும். அதனால எங்க கவனம் பூரா அவங்க மேலதான்."

இன்னொருவர் மேசையில் ஒரு நோட்டை வைத்தார். நாத்தனாரின் நோட்டு. அட்டையில் அரக்கு முத்திரை வைத்து நூல் கட்டியிருந்தது.

"மெஷின்ல இருக்கிற அதே ஆளுங்க, அதே ரத்தம், அதே எண்கள். மணிக்கொரு தரம் புதுசாகுது. ஓடிக்கிட்டே இருக்கு. இதுக்கு என்ன பேரு? இது அனுமதி இல்லாம ஓடுற இன்னொரு மெஷின். வச்சிருந்தது உங்க நாத்தனார்."

"அது நோட்டு சார்."

"மெஷினுக்கும்தான் உடம்பு கிடையாது," என்றார் அவர். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி.

அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசினார்கள். கதவு சரியாகச் சாத்தாததால் பூட்டு சாரின் குரல் கேட்டது. அனுமதிப் பிரிவில் எந்தக் கதவும் சரியாகச் சாத்தாது. அது பழைய கட்டிடம்.

"மறுத்தா ஒண்ணும் தெரியாமப் போயிடும். மூணு அனுமதியையும் குடுத்துடுவோம். மறு உத்தரவு வரைக்கும். வாங்கிக்கிட்டுச் சும்மா இருந்தா நல்லவங்க. பயன்படுத்தினா, சந்தேகம் உறுதி. அன்னிக்கே வேலையிலிருந்து தூக்கிடலாம்."

குழு இதைப் பாராட்டியது. நாளைக் காலை குறுஞ்செய்தியாக அனுப்புவதென்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை காலை அண்ணி தன் மேசையில் போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செய்தி வந்தாலும் இயந்திரத்தைத் தொடக் கூடாது. தொட்டால் வேலை போகும். தொடாவிட்டால் கோளாறு அப்படியே இருக்கும். பத்து மணிக்கு நாத்தனார் மேலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணி, நோட்டு இல்லாம டாக்டர் திரையைத்தான் பார்க்கிறார். ஒன்பதாம் கட்டிலுக்குப் பொட்டாசியம் ரொம்பக் குறைவுன்னு காட்டுது. பொட்டாசியத்தை டிரிப்ல ஏத்தச் சொல்லிட்டார், ஏத்தினா இதயமே நின்னுடும். அது அவங்க ரிப்போர்ட் இல்லை அண்ணி. எனக்கு நல்லாத் தெரியும், ஆனா வாயால சொன்னா டாக்டர் எடுத்துக்க மாட்டேங்கிறார். நான் பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன். எவ்வளவு நேரம் நிக்க முடியும்?"

"ஏத்தாத. நான் வர்றேன்."

அந்த நொடியில் அண்ணியின் போனில் செய்தி வந்தது. அவள் படித்தாள். மறுபடி படித்தாள்.

'விரலில் போட்ட தையலை வெள்ளிக்கிழமை பிரிக்க வரவும். அதுவரை விரலை நனைக்க வேண்டாம்.'

அவளுக்கு எந்த விரலிலும் தையல் இல்லை. திடீரென்று எழுந்து ஓடினாள். விரலில் தையல் போட்டவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் போக வேண்டியது இவளுக்கு வந்திருக்கிறது என்றால், இவளுக்குப் போக வேண்டியது இப்போது அவரிடம் இருக்கிறது.

கட்டுப் போடும் அறைக்கு வெளியே நீள பெஞ்சில் கட்டு மாற்ற வந்த ஒருவர் வலது ஆள்காட்டி விரலைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். விரலில் பெரிய கட்டு. கண்ணாடி வெட்டும் தொழில் செய்பவர். சட்டையில் அங்கங்கே கண்ணாடித் தூள் மின்னியது. இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. 'ஓடும் இயந்திரத்தைப் பார்க்கவும் தொடவும் தங்களுக்கு மறு உத்தரவு வரை அனுமதி அளிக்கப்படுகிறது'ன்னு இருக்கு. எக்ஸ்ரே மெஷினா? எனக்கு விரல்தானே வெட்டிச்சு?"

"ஐயா," என்றாள் அண்ணி மூச்சு வாங்க, "உங்களுக்கு இடது கையால தட்டத் தெரியுமா?"

"எதைத் தட்டணும்?"

"நான் சொல்ற எழுத்துகளை."

கண்ணாடிக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்குன்னு சொல்லுங்க. தெரியாம எதையும் தொட மாட்டேன். அப்படித் தொட்டுத்தான் இது," என்று விரலைக் காட்டினார்.

அந்த வாரத்தில் முதல்முறையாக ஒருவர் காரணத்தைத் தெரிந்துகொள்வதற்காகக் காரணம் கேட்டார். அண்ணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தையல்காரம்மாவைச் சொன்னாள், கையில் பாட்டிலோடு நிற்கும் நாத்தனாரைச் சொன்னாள். அவர் பாதியிலேயே எழுந்துவிட்டார்.

"நடங்கம்மா, பேசிக்கிட்டே போகலாம்."

நான்காம் மாடி அறையில் சாட்சி போனை வாங்கிச் செய்தியையும் அதிலிருந்த அனுமதி எண்ணையும் சரிபார்த்தார். எல்லாம் பொருந்தியது. பெயரைக் கேட்கவில்லை, அனுமதி பெற்றவரின் பெயரைக் கேட்பது விதிப்படி குற்றம்.

"இந்த அம்மா யாரு?" என்று, தெரிந்திருந்தும் விதிப்படி கேட்டார்.

"எனக்குத் துணைக்கு வந்தவங்க," என்றார் கண்ணாடிக்காரர் கட்டுப்போட்ட விரலை உயர்த்தி. நோயாளியுடன் ஒருவர் வரலாம் என்று மருத்துவமனையில் விதி இருந்தது. சாட்சி அந்த விதியை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு இருவரையும் உள்ளே விட்டார். அண்ணி தானாகவே திரையின் முதுகுப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

கண்ணாடிக்காரர் இடது கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். தட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் எழுத்தைச் சத்தமாகப் படித்து, "இதுதானே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வெட்டினா ஒட்டாது" என்றார். ஒன்பது நிமிடம் ஆயிற்று. பத்தாவது நிமிடம் வார்டின் திரையில் எண்கள் ஒருமுறை நடுங்கி, தங்கள் தங்கள் ஆட்களிடம் போய்ச் சேர்ந்தன. ஒன்பதாம் கட்டிலுக்குப் பொட்டாசியம் அதிகம் என்று வந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், நாத்தனாரின் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார், பிறகு தானே வந்து பாட்டிலை வாங்கி வைத்தார். நாத்தனார் மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். தையல்காரம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. தூங்கிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை குழு கூடித் தீர்ப்பைச் சொன்னது. அண்ணி இயந்திரத்தைத் தொடவில்லை, ஆகவே நம்பத்தகுந்தவள். அதற்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். இயந்திரத்தைத் தொட்டவர் முறையான அனுமதி பெற்றிருந்தார். ஆகவே மீறல் எதுவும் நடக்கவில்லை. நோட்டு மட்டும் முத்திரையோடு காவலில் இருக்கும்.

"எங்கேயோ இருந்து வந்த ஒருத்தருக்குக்கூட நம்ம அனுமதி துல்லியமா வேலை செஞ்சிருக்கு," என்றார் பூட்டு சார். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி முடித்த பிறகுதான் கவுன்ட்டர் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"சார், அவர்கிட்ட இருக்கிற அனுமதியை ரத்து பண்ணணுமே?"

ரத்து செய்யத்தான் வேண்டும். ரத்து செய்ய இயந்திரத்தைத் தொட வேண்டும். தொடும் அனுமதி யாரிடமெல்லாம் இருக்கிறது என்று பட்டியலைப் புரட்டினார்கள். ஒரே ஓர் ஆளிடம்தான் இருந்தது. பூட்டு சார் தனக்கென்று ஒன்று எடுத்துக்கொள்ளவே இல்லை. எடுத்திருந்தால் தன்மேலேயே சந்தேகம் வந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை மருத்துவமனை வேன் ஒரு கண்ணாடிக் கடை வாசலில் நின்றது. பூட்டு சார், குழுவினர் இருவர், அவர்களோடு அண்ணி. கடைக்குள் சுவரோரம் பெரிய பெரிய நிலைக்கண்ணாடிகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ தன்னையே உற்றுப் பார்ப்பதாகப் பூட்டு சாருக்குத் தோன்றியது. அவர் இரண்டு முறை சட்டென்று திரும்பினார்.

கண்ணாடிக்காரருக்குத் தையல் பிரித்தாகிவிட்டது. வைரமுனையால் ஒரு கோடு இழுத்து, கண்ணாடியை மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். அது கோட்டின்படியே சுத்தமாகப் பிரிந்தது. அதன் பிறகுதான் நிமிர்ந்தார்.

"சொல்லுங்க."

"அந்த மெஷினை ஒரு தடவை நீங்க தொடணும்," என்றார் பூட்டு சார். "அனுமதியை ரத்து பண்ணணும்."

"எதுக்கு?"

"பாதுகாப்புக்கு."

கண்ணாடிக்காரர் மேசையறையைத் திறந்து ஓர் ஆர்டர் சீட்டை எடுத்து நீட்டினார். நீளம், அகலம், கனம் என்று மூன்று கட்டங்கள் அச்சடித்த சீட்டு. "இதுல எழுதிக் குடுங்க சார். என்ன பண்ணணும், ஏன் பண்ணணும், பண்ணலைன்னா யாருக்கு என்ன ஆகும். எழுதாம நான் எதுலயும் கை வைக்கிறதில்லை."

பூட்டு சார் பேனாவை மூடியோடு பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். முதல் கட்டத்தில் ஏதோ எழுதினார். இரண்டாவதில் எழுதி அடித்தார். மூன்றாவதை வெறுமையாக விட்டுக் கொடுத்தார். கண்ணாடிக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் படித்துவிட்டு, பூட்டு சாரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அளந்தார். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினார்.

"அண்ணி, நீங்க சொல்லுங்க. இவரை நம்பலாமா?"

குழுவினர் இருவரும் அண்ணியைப் பார்த்தார்கள். பூட்டு சாரும் பார்த்தார்; எல்லாக் கண்ணாடிகளிலிருந்தும் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்லணும்," என்றாள் அண்ணி. அங்கே கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.